பிளாஸ்டிக் சோலார் செல்: எங்கே போய் ஆராய்ச்சி பண்றது?



எங்க அக்கா ஊட்டியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பிளாஸ்டிக்கில் சோலார் செல் செய்யும் ஆராய்ச்சிக்குப் போகணும் என்று ஒரே பிடிவாதம். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாங்க. "இன்னும் அஞ்சாறு வருஷம்னா ஃபீஸை யார் கட்டறது?" என்று கேட்டாங்க. அதுக்குப் பதில் தேடியபோது தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் கரண்ட் கடத்தாது என்றுதானே படித்தோம்? சில வகை கடத்தும் என்று கண்டுபிடித்த ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகாவா மூவருக்கும் 2000-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மாதிரி கார்பன் சேர்மங்களில் செய்யும் கருவிகளுக்குத்தான் ஆர்கானிக் எலக்ட்ரானிக்ஸ் என்று பெயர். (நம்ம ஊர் ஆர்கானிக் டீக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!) இதில் சோலார் செல் என்றால் இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரானைக் கொடுக்கும், இன்னொன்று வாங்கிக்கொள்ளும். 1986-ல் இப்படி இரண்டு அடுக்கு செல்லை வெளியிட்ட சி.டபிள்யூ. டாங் வேலை பார்த்தது கோடாக் ஃபிலிம் கம்பெனியில். நம்ம இந்து நகரிலும் ஒரு ஃபிலிம் ஃபேக்டரி இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய செல் வெளிச்சத்தில் சுமார் 1 சதவீதத்தைத்தான் கரண்டாக மாற்றியது. இப்போது ஆய்வகங்களில் 19 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள்.

சரி, எங்கே படிப்பது? இந்தப் பெயரில் கோர்ஸ் இருக்கா என்று ஒரு வாரம் போனில் தேடினோம். ஒரு கோச்சிங் சென்டரில் "அப்படிப் படிப்பே கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை. அப்புறம் அவளுடைய மேடம்தான் சொன்னாங்க: "கோர்ஸ் பேரைத் தேடாதே, லேபைத் தேடு." ஒரே ஆராய்ச்சி ஓர் இடத்தில் கெமிஸ்ட்ரி துறையில் இருக்கும், இன்னோர் இடத்தில் பிசிக்ஸில் இருக்கும், வேறோர் இடத்தில் மெட்டீரியல்ஸ் என்று இருக்கும்.

அப்படித் தேடினதும் மளமளவென்று கிடைத்தது. பெங்களூரில் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், அங்கே கே.எஸ். நாராயண் குழு இதில் பல வருஷம் உழைத்திருக்கிறது. அதே ஊரில் இந்திய அறிவியல் கழகம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் வளையும் எலக்ட்ரானிக்ஸுக்கென்றே தேசிய மையம். திருவனந்தபுரத்தில் நிஸ்ட் என்ற மத்திய ஆய்வகம். அங்கே வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்திலேயே வேலை செய்யும் சாயப்பூச்சு செல் செய்கிறார்கள். மூன்று நாள் வெயிலே பார்க்காத நமக்கு எனக்கென்னவோ அதுதான் சரி! ஆனால் ஒன்று, அந்தப் பேராசிரியர் கடைசி இரண்டு வருஷத்தில் என்ன கட்டுரை எழுதினார் என்று பார்க்கணும். சிலர் வேறு விஷயத்துக்கு மாறியிருப்பார்கள்.

பி.எஸ்சி. கடைசி வருஷத்தில் ஜேம் என்ற தேர்வு எழுதணும். அதில் எம்.எஸ்சி. சேரலாம். பெங்களூரின் இரண்டு இடங்களிலும் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யிலும் சேரலாம். எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட். நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய்.

இதை அம்மாவிடம் சொன்னோம். "படிக்கிறதுக்கு அவங்க நமக்குக் காசு தர்றாங்களா?" என்று மூன்று தடவை கேட்டாங்க. மறுநாள் ஜேம் விண்ணப்பத்துக்குப் பணம் எடுத்து வைத்தாங்க. தேர்வு பிப்ரவரியில்.

- பதினொன்றாம் வகுப்பு மாணவன், அறிவியல் பிரிவு