முதல் தையல் ஒரு ஜப்லா

வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகிறது என்று தெரிந்ததும் பலருக்குத் தையல் கற்றுக்கொள்ள ஆசை வருகிறது. அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அரை மீட்டர் துணி போதும். காலர், ஜிப், பட்டன் எதுவும் வேண்டாம். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் உடையை வெளியே இருந்து பார்க்கிறோம். பச்சைக் குழந்தையின் சட்டைக்கு உள்பக்கம்தான் முக்கியம். எது குத்துகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும்.

முதலில் குழந்தையின் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தலைச் சுற்றளவு 34 செ.மீ. அளவில் இருக்கும், மார்புச் சுற்றளவு அதைவிட ஓரிரண்டு செ.மீ. குறைவு. ஏறக்குறைய ஒரு வயதில்தான் மார்பு தலையை எட்டிப் பிடிக்கும். போதாக்குறைக்கு, முதல் சில மாதங்களுக்குக் கழுத்தும் நிற்காது. அதனால் தலை வழியாக மாட்டும் சட்டை தாய்க்கும் சிரமம், பிள்ளைக்கும் சிரமம். முழுக்கத் திறந்து, குழந்தையை மேலே கிடத்தி, கையை நுழைத்து, நாடாவைக் கட்டிவிடும் ஜப்லா இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

கடையில் வாங்கும் ஜப்லாக்களில் பெரும்பாலும் நாடா முதுகுப் பக்கம் இருக்கும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் தூங்கச் செய்ய வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அப்படிப் படுத்தால் முடிச்சு நேராக முதுகெலும்பில் அழுந்தும். எனவே முன்பக்கம் திறப்பு வைத்தே தைக்கச் சொல்வேன்.

துணிக்கு மல் அல்லது வாயில் நல்லது. புதுத் துணியென்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரிக்கோலை எடுக்கவும். கஞ்சியும் போகும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி இதையெல்லாம் ஏற்கெனவே கடந்து வந்தது. பெயர் வைக்கும் நாள்வரை குழந்தைக்குப் புதுத்துணி உடுத்துவதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த நாட்களுக்கு வேட்டித் துணியைவிட இதமானது எதுவும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை நைந்த இடத்தை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

அளவு இப்படி. குழந்தையின் மார்பு 13 அங்குலம், தளர்வுக்கு 5 அங்குலம், ஆக 18. முதுகுத் துண்டை மடிப்பில் 5 அங்குலம் வைத்து வெட்டினால் விரிக்கும்போது 10 வரும். முன்துண்டுகள் இரண்டும் தலா ஆறரை அங்குலம். ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கும், ஓரம் மடிப்பதற்கும், தையலுக்கும் அதில் இடம் இருக்கிறது. உயரம் 12. கைக்குழி 4 அங்குல ஆழம். கழுத்தின் அகலம் மூன்றரை, முன்னால் ஆழம் ஒன்றே முக்கால், பின்னால் அரை. கணக்கு பயமுறுத்தினால், அளவு சரியாக இருக்கும் பழைய ஜப்லா ஒன்றைத் தாளில் விரித்து வரைந்து, சுற்றிலும் தையலுக்கு இடம் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாருடைய முதல் பேட்டர்னும் அப்படி வரலாம், தவறில்லை.

மெஷினில் வழக்கமாக இருக்கும் 16ஆம் எண் ஊசியை எடுத்துவிட்டு 11ஆம் எண்ணை மாட்டுங்கள். தடித்த ஊசி மல் துணியில் ஓட்டை போட்டுவிடும்.

தோளையும் பக்கவாட்டையும் பிரெஞ்சு தையலில் இணைக்க வேண்டும். இதில்தான் பொறுமை தேவை. வழக்கமாக நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துத் தைப்போம். இங்கே முதலில் உள்பக்கங்களைச் சேர்த்து, கால் அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டுகிறோம். பிசிறு வெளியே தெரியும், தெரியட்டும். அதை அரைக்கால் அங்குலத்துக்கு ஒட்ட நறுக்கி, துணியைத் திருப்பி, விரல் நகத்தால் மடிப்பை அழுத்திவிட்டு, இன்னொரு கால் அங்குலத் தையல். பிசிறு முழுவதும் இரண்டு தையலுக்கு நடுவே அடைபட்டுப் போகும். உள்ளே விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு நூல்கூடத் தட்டக் கூடாது. ஓவர்லாக் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்த நூல் கட்டி பிஞ்சுத் தோலில் உரசும்.

கழுத்துக்கும் கைக்குழிக்கும் கிராஸ் துணி. நேர் வாக்கில் வெட்டிய பட்டி வளைவில் சுருங்கி நிற்கும். 45 டிகிரி சாய்வில் வெட்டினால் இழுவை கிடைத்து வளைவோடு படியும். பட்டி ஒரு அங்குல அகலம் இருந்தால் போதும்.

கழுத்தில் நாடா வேண்டவே வேண்டாம். எங்காவது மாட்டி இறுக்கினால் ஆபத்து. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுநாடா கூடாது என்று ஐரோப்பியத் தர விதியே இருக்கிறது. அக்குளுக்கு நேரே ஒரு ஜோடி, அதற்கு மூன்று அங்குலம் கீழே ஒரு ஜோடி போதும். கட்டிய பின் நுனி விரல் நீளத்துக்கு மேல் தொங்கக் கூடாது. பட்டன் பிய்ந்தால் வாய்க்குள் போகும், ஆகவே முதல் வருடத்துக்கு அது வேண்டாம்.

தைத்து முடித்ததும் நூல் நுனிகளைத் தேடித் தேடி வெட்டுங்கள். ஒரு நூலோ தலைமுடியோ குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் அழும் குழந்தையின் விரல்களைப் பார்க்கும்படி மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். கையுறை, காலுறை தைப்பவர்கள் உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு இருமுறை பார்க்க வேண்டும்.

தைத்த துணியைப் பிரசவம்வரை பீரோவில் வைக்கும்போது பாச்சை உருண்டை போடாதீர்கள். அதில் உள்ள நாப்தலீன் சில குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். துவைத்து, வெயிலில் காயவைத்து, சுத்தமான பருத்திப் பையில் கட்டி வைத்தாலே போதும். பிறந்த அளவில் ஆறேழுக்கு மேல் தைக்காதீர்கள். ஐந்து மாதத்தில் எடை இரட்டிப்பாகிவிடும். மீதித் துணியை அடுத்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.