ஒற்றரும் பாடிய இசைத்தட்டு

கிழக்கு ஜேர்மனியிலே அரசின் அனுமதியின்றி எந்த இசைக்குழுவும் பொதுமேடை ஏறுதல் ஆகாதென்றிருந்த காலம். திரெஸ்டன் நகரில் ஓவியர் கோர்னெலியா ஷ்லைம முதலியோர் 1979இல் 'ஸ்விட்ஷர்மஷீன' என்னும் பங்க் இசைக்குழுவைத் தொடங்கினர். அப்பெயர் போல் கிளேயின் ஓவியமொன்றுக்குரியது. குழுவினர் மறைவாய்ப் பதிந்த ஒலிநாடா எல்லை கடந்து, 1983இல் மேற்குப் பேர்லினில் இசைத்தட்டின் ஒரு பக்கமாய் வெளிவந்தது.

அதிலே பங்குகொண்ட கவிஞர் சாஷா அண்டர்சன் இரகசியப் பொலிசாரின் ஒற்றர் என்பது 1991இல் அம்பலமாயிற்று. நண்பராலேயே வேவுபார்க்கப்பட்ட ஷ்லைம, தம்மைப் பற்றிய பொலிஸ் அறிக்கைகளையே 1993இல் எள்ளல் மிக்க கலைப்படைப்பாக்கினார்.

அத்தட்டை ஒதுக்குவதா என நான் எண்ணியதுண்டு. ஒதுக்கின், துணிந்து இசைத்த மற்றையோரையும் அன்றோ ஒதுக்குவோம்? உண்மையை அறிந்துகொண்டே கேட்பதுதான் அவர்கட்கு நாம் செய்யும் நீதி.