'ஸ்டாக் வேண்டாம்' என்ற டொயோட்டா... ஒரு வால்வுக்காக நின்றுபோன கார் உற்பத்தி!

விலை அதிகமில்லை. கைக்குள் அடங்கிவிடும். ஆனால், அந்த ஒரு சின்ன பிரேக் வால்வு கிடைக்காததால் உலகின் மிகப்பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றின் உற்பத்தி நின்றுபோனது. ஸ்டாக்கை எவ்வளவு குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்பதற்கு இன்றைக்கும் சொல்லப்படும் உதாரணம் இது.

சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்த ஐடியா!

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு டொயோட்டாவிடம் பணமே இல்லை. 1950-ல் கடும் நெருக்கடி, வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு. நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியிலிருந்து விலகினார். அந்தச் சூழலில் உதிரிபாகங்களை வாங்கி குடோனில் அடுக்கிவைப்பது, பணத்தையே பூட்டிவைப்பதற்குச் சமம்.

வழி காட்டியவர் டாயிச்சி ஓனோ என்ற பொறியாளர். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் முறை அவரைக் கவர்ந்தது. வாடிக்கையாளர் எடுத்த பொருளை மட்டும், எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியில் திரும்ப நிரப்புகிறார்கள். அதையே தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். ஒரு பெட்டி பாகம் தீர்ந்தால், அதிலிருக்கும் 'கான்பான்' அட்டை முந்தைய பிரிவுக்குப் போகும். அட்டை வந்தால்தான் அடுத்த பெட்டி தயாராகும். தேவைக்கு மேல் தயாரிப்பதுதான் வீண்செலவுகளிலேயே மோசமானது என்பது ஓனோவின் கருத்து.

இதனால் போக்குவரத்தும் மாறியது. மாதம் ஒருமுறை லாரி நிறைய இறக்குவதற்குப் பதிலாக, பக்கத்து ஊர்களில் இருந்த சப்ளையர்களிடமிருந்து ஒரே நாளில் பலமுறை, கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு வந்தது. 'ஜஸ்ட் இன் டைம்' என்று உலகமே இதைக் கொண்டாடியது.

1997, பிப்ரவரி 1

சனிக்கிழமை அதிகாலை. கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலையில் தீ. பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக்கி, வண்டி சறுக்காமல் காக்கும் 'பி-வால்வு' அங்கேதான் தயாரானது. டொயோட்டாவுக்குத் தேவையான வால்வுகளில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஓர் ஆலையிலிருந்துதான் வந்தன. அதற்கான பிரத்யேக இயந்திரங்கள் எரிந்துபோயின.

கையிருப்போ மிகச் சொற்பம். அடுத்த சில நாள்களில் ஜப்பானில் டொயோட்டாவின் அசெம்ப்ளி லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. தினமும் சுமார் 15,000 கார்கள் தயாரித்த நிறுவனம் அது!

பல வாரங்கள் ஆகும் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால், ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சப்ளையர்கள், அவர்களின் சப்ளையர்கள் எனச் சுமார் 200 நிறுவனங்கள் கைகோத்தன. 'விலை என்ன, லாபம் என்ன' என்று பேரம் பேசிக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. கார் பாகமே செய்திராத தையல் மெஷின் நிறுவனமான பிரதர்கூட வால்வு செய்துகொடுத்தது. ஒரு வாரத்துக்குள் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

மாறியது என்ன?

இதன்பிறகும் டொயோட்டா, ஜஸ்ட் இன் டைம் முறையைக் கைவிடவில்லை. ஆனால், 2011 நிலநடுக்கமும் சுனாமியும் இன்னொரு அடி கொடுத்தன. அதன்பிறகு, எந்தப் பாகம் எந்த ஆலையிலிருந்து வருகிறது என்பதைக் கடைசிக் கண்ணி வரை பட்டியலிட்டது. தயாரிக்க நீண்ட நாள்கள் பிடிக்கும் சிப்களை மட்டும் 2 முதல் 6 மாதத்துக்கு இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது, மற்ற நிறுவனங்கள் தடுமாறிய ஆரம்ப மாதங்களில் டொயோட்டா தாக்குப்பிடித்தது இதனால்தான். எனினும், தட்டுப்பாடு நீண்டபோது அந்த இருப்பும் போதவில்லை. அந்த ஆண்டு செப்டம்பருக்கான உற்பத்தித் திட்டத்தில் சுமார் 40 சதவிகிதத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று.

சிறு தொழிலுக்கு எப்படிப் பொருந்தும்?

வீட்டில் கடுகு தீர்ந்தால் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கேஸ் தீர்ந்தால்? அதனால்தானே இரண்டாவது சிலிண்டர் வைத்திருக்கிறோம். தொழிலிலும் எது கடுகு, எது சிலிண்டர் என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

கணக்கு எளிதுதான். இட்லி மாவு விற்பவருக்குத் தினமும் 200 பிரின்ட் போட்ட கவர்கள் தேவை. ஆர்டர் கொடுத்தால் வந்துசேர 5 நாள்கள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 200 x 5 = 1,000. லாரி தாமதமானால் சமாளிக்க 2 நாள்களுக்கு 400. ஆக, கையிருப்பு 1,400-ஐத் தொடும்போதே அடுத்த ஆர்டர் போய்விட வேண்டும். மாவு அப்படியல்ல, மிஞ்சினால் புளித்துவிடும். அதை அன்றன்றைய தேவைக்கு அரைப்பதே லாபம்.

மூன்று கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். இந்தப் பொருள் இல்லாவிட்டால் தொழில் நின்றுவிடுமா? மறுபடி வந்துசேர எத்தனை நாள்கள் ஆகும்? தருவதற்கு இன்னொருவர் இருக்கிறாரா? மூன்றுக்கும் பதில் சாதகமாக இல்லையென்றால், அதன் விலை இரண்டே ரூபாயாக இருந்தாலும், இன்றைக்கே இரண்டாவது சப்ளையரைத் தேடத் தொடங்குங்கள்!