நாலு சக்கரமும் இழுக்கும், ஆனா நிறுத்தாது

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பிகிட்ட இருந்து வாய்ஸ் நோட் வந்தது. "அண்ணா, தார் வாங்கிட்டேன். ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், வீக்கெண்ட், காட்டு ரோடு. என்னென்ன வாங்கி மாட்டணும்?"னு கேட்டிருந்தார். வின்ச், ரூஃப் லைட், ஸ்நார்கெல்னு அவரே ஒரு லிஸ்ட்டும் வெச்சிருந்தார். அந்த லிஸ்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தைப் பத்திச் சொல்லிடறேன்.

சக்லேஷ்பூர் பக்கம், தெரிஞ்சவர் ஒருத்தரோட காபி எஸ்டேட். பெங்களூர்ல இருந்து சுமார் 220 கிலோமீட்டர். ரெண்டு வண்டி, ஆறு பேர். மூணு மணிக்கு மழை விட்டது. எஸ்டேட் ஜீப் ஓட்டுற பெரியவர் எங்களைப் பார்த்து, "இன்னைக்கு வேண்டாம். காலையில வெயில் பட்டதும் இறங்குங்க"ன்னார். நாங்க சிரிச்சோம். ஃபோர் பை ஃபோர் இருக்கே!

செம்மண் இறக்கம். பாதி இறங்கினதும் வண்டி நினைச்சதைவிட வேகமா போகுதுன்னு தோணுச்சு. பிரேக்கை அழுத்தினேன். கேக்கல. பழக்கதோஷத்துல கிளட்சையும் மிதிச்சிட்டேன். அவ்வளவுதான், வண்டி குறுக்கே திரும்பி, பள்ளத்துப் பக்கமா சறுக்கிட்டே போய் ஒரு சில்வர் ஓக் மரத்துல இடது கதவை வெச்சு மோதி நின்னுச்சு. அந்த மரம் இல்லைன்னா உருண்டிருப்போம். பக்கத்து சீட்ல இருந்த நண்பன் கையை வெளியில நீட்டி வீடியோ எடுத்துட்டு இருந்தான். மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. போன்ல சிக்னல் இல்லை. இருட்டப் போகுது. அது யானை நடமாடுற ஏரியா. அவனை ஆஸ்பத்திரியில சேர்க்க ரெண்டரை மணி நேரம் ஆச்சு.

என்ன நடந்ததுன்னு எனக்கே அப்புறம்தான் புரிஞ்சது. ஃபோர் பை ஃபோர்னா இன்ஜின் சக்தி நாலு சக்கரத்துக்கும் போகும், அதனால ஏத்தத்துல வண்டி ஏறும். ஆனா பிரேக் எல்லா கார்லயும் நாலு சக்கரத்துக்கும்தானே இருக்கு? நிறுத்துற விஷயத்துல நம்ம வண்டிக்கும் சாதா ஹேட்ச்பேக்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சொல்லப்போனா நம்ம வண்டி வெயிட் ஜாஸ்தி. ஏபிஎஸ் இருக்கேன்னு கேப்பீங்க. மண்ணுல பிடிமானமே இல்லாதப்ப ஏபிஎஸ் மட்டும் என்ன பண்ணும்?

இறக்கத்துல நமக்கு நிஜமா உதவுறது 'ஃபோர் லோ'. இறங்குறதுக்கு முன்னாடியே வண்டியை நிறுத்தி, லோ ரேஞ்ச்ல போட்டு, முதல் கியர்ல விட்டு, கிளட்ச்ல இருந்து காலை முழுசா எடுத்துடணும். இன்ஜினே வண்டியைப் பிடிச்சு, நடக்குற வேகத்துல இறக்கும். ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோட்ல முதல் கியரைப் பிடிச்சு வெக்கணும். கிளட்சை மிதிச்ச நொடியே இன்ஜினோட பிடி விட்டுப்போயிடும். நான் பண்ணின தப்பு அதுதான். சறுக்க ஆரம்பிச்சா பிரேக்கை இன்னும் அழுத்தக் கூடாது, கொஞ்சம் விடணும். சக்கரம் உருண்டாத்தான் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேக்கும். மனசு இதுக்கு நேர் எதிரா சொல்லும். அதனால இதை முதல்ல சின்ன, காஞ்ச மேட்டுல பழகிக்கணும்.

ஏத்தத்துலயும் இதே கதை. பாதியில இன்ஜின் திணறி நின்னுட்டா, வண்டியைத் திருப்பி இறங்கிடலாம்னு தோணும். வேண்டவே வேண்டாம். சரிவுல குறுக்கே நிக்குற வண்டிதான் உருளும். பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, லோ ரேஞ்ச் ரிவர்ஸ் போட்டு, ஏறின தடத்துலயே நேரா பின்னாடி வரணும். நியூட்ரல்ல விட்டு இறங்கக் கூடாது. கேக்க ஈஸியா இருக்கு இல்ல? முன்னாடி கண்ணாடியில வெறும் ஆகாசம் தெரியறப்ப அவ்வளவு ஈஸி இல்ல.

இன்னொண்ணு. ஃபோர் பை ஃபோர் மாட்டிக்காதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. மாட்டிக்கும். சாதா கார் மெயின் ரோட்டுல இருந்து அம்பது மீட்டர்ல மாட்டும். இது அஞ்சு கிலோமீட்டர் உள்ளே போய் மாட்டும். அதனாலதான் ரெண்டாவது வண்டி இல்லாம நான் போறதில்லை. அந்த சனிக்கிழமை நண்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அந்த ரெண்டாவது வண்டிதான். முதல் வண்டி இறங்கி முடிச்சிட்டு குரல் கொடுக்குற வரைக்கும் அவங்க மேலேயே நின்னதால தப்பிச்சோம்.

மாட்டின வண்டியை இழுக்குறப்பதான் நிறைய பேர் அடிபடுறாங்க. ஜாக்கிரதையா கேளுங்க. கயிறை பம்பர்ல கட்டாதீங்க. டிரெய்லர் மாட்டுற உருண்டைக் கொக்கியில கட்டவே கட்டாதீங்க. இழுவிசையில அது பிச்சுக்கிட்டுப் பறந்தா தோட்டா மாதிரிதான், வெளிநாடுகள்ல உயிர் போயிருக்கு. வண்டியோட சேஸிஸ்ல இழுக்குறதுக்குன்னே கொடுத்திருக்குற பாயின்ட் எங்க இருக்குன்னு வீட்டுலயே மேனுவல்ல பார்த்து வெச்சுக்கோங்க. கயிறு மேல நனைஞ்ச சாக்கு, கம்பளி ஏதாவது போடுங்க, அறுந்தா வேகம் குறையும். டிரைவர் ரெண்டு பேரைத் தவிர மத்தவங்க எல்லாரும் கயிறு நீளத்தைவிட தூரத்துல, பக்கவாட்டுல நிக்கணும். வீடியோ எடுக்குறவரும்தான். இழுக்குறதுக்கு முன்னாடி மண்வெட்டியால சக்கரத்துக்கு முன்னாடி இருக்குற சேத்தை வாரிப் போடுங்க. பாதி நேரம் கயிறே தேவைப்படாது.

தண்ணி. 2020ல வந்த தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம்னு கம்பெனி சொல்லுது. அது தேங்கி நிக்குற தண்ணிக்குன்னு வெச்சுக்கோங்க. ஓடுற தண்ணி வேற. ஒரு அடி ஆழத்துல வேகமா ஓடினாலே சின்ன கார்களை அடிச்சிட்டுப் போகும். ரெண்டு அடி இருந்தா எஸ்யூவியும் போகும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள்ல இங்க வெயில் அடிக்கும், மேல மலையில மழை கொட்டும், காலையில முழங்காலுக்குக் கீழே இருந்த தண்ணி சாயங்காலம் இடுப்பளவு வந்துடும். அடி தெரியாத, இல்லைன்னா இறங்கி நடக்க பயமா இருக்குற தண்ணியில வண்டியை விடாதீங்க. ஸ்நார்கெல் இன்ஜினுக்கு மூச்சு கொடுக்கும், வண்டி மிதக்குறதை நிறுத்தாது.

யானையைப் பார்த்தா தூரத்துலயே நிறுத்துங்க. ஹாரன், ஹைபீம், கத்தல் எதுவும் வேண்டாம். யாரும் கீழே இறங்க வேண்டாம். அது பாதையை விட்டுப் போற வரைக்கும் காத்திருங்க, இல்லைன்னா மெதுவா ரிவர்ஸ் எடுங்க. இதுக்காகத்தான் ரெண்டு வண்டிக்கு நடுவுல இடைவெளி வேணும்கிறது. பின்வண்டி ஒட்டி நின்னா முன்வண்டியில இருக்குறவங்க எங்க போவாங்க?

எங்க ஓட்டலாம்கிறதையும் சொல்லணும். காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் இதுக்குள்ள அனுமதி இல்லாம வண்டியோட நுழையறது குற்றம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு. மேப்ல கோடு தெரியுதுங்கிறது அனுமதி ஆகாது. பந்திப்பூர் வழியா போற மெயின் ரோட்டுலயே ராத்திரி 9ல இருந்து காலையில 6 வரைக்கும் போக்குவரத்துத் தடை. கொழுக்குமலை மாதிரி இடத்துக்கு சூரியநெல்லியில இருந்து உள்ளூர் ஜீப்லயே போயிடுங்க. தினமும் அந்தக் கல்லு ரோட்டுல ஏறி இறங்குற டிரைவர் எந்த இடத்துல கிளட்சைத் தொடவே மாட்டேங்குறார்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. யூடியூப்ல கிடைக்காத பாடம் அது.

சரி, தம்பியோட லிஸ்ட்டுக்கு வர்றேன். வின்ச், லைட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஒரு பிரஷர் கேஜ், ஒரு டயர் இன்ஃப்ளேட்டர். மண் பாதையில 32லிருந்து 20, 22க்கு காத்தை இறக்கினா டயர் அகலமா உக்காந்து பிடிக்கும். தார் ரோடு வந்ததும் மறுபடி ஏத்திடணும். அப்புறம் நல்ல கயிறு, ஷேக்கிள், மண்வெட்டி. பின்னாடி இருக்குற தண்ணி கேன், கேஸ் அடுப்பு எல்லாத்தையும் இறுக்கிக் கட்டுங்க, வண்டி சாஞ்சா முதல்ல தலையில விழறது அதுதான். மெதுவாத்தானே போறோம்னு சீட் பெல்ட்டைக் கழட்டாதீங்க. கை உள்ளே இருக்கட்டும்.

வீட்டுல ஒருத்தர்கிட்ட எந்தப் பாதை, எத்தனை மணிக்குள்ள போன் பண்ணுவோம், பண்ணலைன்னா யாரைக் கூப்பிடணும்னு சொல்லிட்டுப் போங்க. ஆம்புலன்ஸ் வர முடியுற கடைசி இடம் எதுன்னு போறப்பவே பார்த்து வையுங்க. 112 நம்பர், உங்க சிம்முக்கு சிக்னல் இல்லாட்டியும் வேற கம்பெனி டவர் கிடைச்சா போகலாம், முயற்சி பண்ணுங்க.

மறுநாள் காலையில மரத்துல மாட்டின வண்டியை எடுக்கப் போனோம். வெயில் பட்டு மண் இறுகியிருந்தது. எஸ்டேட் பெரியவர் முன்னாடி தன்னோட பழைய ஜீப்ல அதே இறக்கத்துல இறங்கிட்டு இருந்தார், பின்னாடி நாலு காபி மூட்டையோட. எங்களைப் பார்த்து ஒண்ணும் சொல்லல. கயிறை எடுத்துட்டு வந்து, பம்பரைத் தாண்டிக் குனிஞ்சு, இழுக்குற பாயின்ட்டைத் தேட ஆரம்பிச்சார்.