ஆப்ட் எதற்காகக் காத்திருக்கிறது?

உபுண்டு கணினியில் டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் போன்ற மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்கள் வேண்டுமென்றால் அதற்கென உள்ள தொகுப்பை நிறுவ வேண்டும். கட்டளை கொடுத்ததும் கருப்புத் திரையில் வரிகள் ஓடும். சட்டென்று நிறம் மாறி, நீளமான உரிம ஒப்பந்தம் ஒன்று வந்து நிற்கும். அடியில் 'ஓகே' என்று இருக்கும். மவுஸால் சொடுக்கினாலும் அசையாது, என்டர் தட்டினாலும் அசையாது. அம்புக்குறியை அழுத்தினால் ஒப்பந்தத்தின் வரிகள் மட்டும் மேலும் கீழும் நகரும். கணினி உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி டெர்மினலையே மூடிவிடுகிறவர்கள் பலர். அங்கே தேவைப்பட்டது ஒரு டேப் விசை. அதை அழுத்தினால் 'ஓகே' மேல் நிறம் ஏறும். பிறகு என்டர் தட்டினால் வேலை தொடரும்.

மென்பொருள் நிறுவும்போது திரை நின்றுபோவது என்பது பெரும்பாலும் இதுதான். நிறுவலை நடத்தும் ஆப்ட் என்ற நிரல் எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு என்று தெரிந்துகொள்வதற்குள் கணினியை அணைத்துவிடுகிறோம். அந்த அவசரம்தான் உண்மையான சேதத்தை உண்டாக்குகிறது.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் லினக்ஸில் 1990களின் இறுதியில் வந்து சேர்ந்தது ஆப்ட். 2004இல் வெளியான உபுண்டு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. ஆப்டின் வேலை, எந்தெந்தத் தொகுப்புகள் தேவை என்று கணக்கிட்டு இணையத்திலிருந்து இறக்குவது. அவற்றைப் பிரித்து, உரிய இடத்தில் வைத்து, அமைப்புகளைச் சரிசெய்வது டிபிகேஜி என்ற இன்னொரு நிரல். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத் திரையின் கடைசி வரியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சுழியம் சதவீதத்தில், 'கனெக்டிங்' என்ற சொல்லோடு நின்றால் சிக்கல் இணையத்தில் இருக்கிறது. சில இணைப்புகளில் ஐபிவி6 முகவரி கிடைக்கும், ஆனால் அதன் வழியே தரவு போய்ச் சேராது. பிரவுசரில் எல்லாம் ஒழுங்காகத் திறக்கும், ஆப்ட் மட்டும் தவிக்கும். ஐபிவி4 வழியை மட்டும் பயன்படுத்தச் சொல்லும் அமைப்பு ஆப்டிலேயே உண்டு. அதைக் கொடுத்துப் பார்த்தால் விஷயம் ஒரே நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

பூட்டுச் செய்திதான் பலரையும் தவறான வழிக்கு இழுத்துப்போகிறது. 'பூட்டைப் பெற முடியவில்லை, இன்ன எண்ணுள்ள செயல் அதை வைத்திருக்கிறது' என்று ஆங்கிலத்தில் வரும். அடைப்புக்குறிக்குள் பெரும்பாலும் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்பதன் சுருக்கம் இருக்கும். கணினியை இயக்கிய சற்று நேரத்தில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவும் பின்னணி நிரல் அது. அது முடிக்கும்வரை அடுத்தவர் உள்ளே வர முடியாது. ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ, அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

இந்தச் செய்தியைத் தேடினால் கிடைக்கும் பிரபலமான அறிவுரை, பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்பது. அதைச் செய்யவே கூடாது. அந்தக் கோப்பு எதுவும் ஓடாத நேரத்திலும் அங்கேயேதான் கிடக்கும். கோப்பு இருப்பதால் பூட்டு விழுவதில்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான் அதன்மேல் பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. செயல் முடிந்தாலோ செத்தாலோ கெர்னலே அதை விடுவித்துவிடும். கோப்பை அழித்தால் புதிதாக வரும் நிரல் வேறொரு கோப்பைப் பூட்டிக்கொண்டு உள்ளே நுழையும், பழையதும் ஓடிக்கொண்டிருக்கும். எந்தத் தொகுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற டிபிகேஜியின் பதிவேடு அப்போது குழம்பிப்போகலாம். சில நிமிடம் பொறுத்தால் தானாகத் தீரும் விஷயத்துக்கு இவ்வளவு பெரிய விலை தேவையில்லை.

சில நேரம் வேலை உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கும். கெர்னல் புதுப்பிக்கும்போது 'இனிட்ராம்எஃப்எஸ்' உருவாக்கும் வரியில் பழைய ஹார்ட் டிஸ்க் கொண்ட கணினிகள் நெடுநேரம் நிற்பது வழக்கம். என்விடியா டிரைவர் இருந்தால் புதிய கெர்னலுக்கு ஏற்றபடி அதன் பகுதியை மீண்டும் கம்பைல் செய்யவும் நேரம் ஆகும். இன்னொரு டெர்மினலைத் திறந்து 'டாப்' கட்டளை கொடுத்தால் சிபியு யாருக்கு உழைக்கிறது என்று தெரியும். 'டிஎஃப்' கொடுத்தால் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று தெரியும். கைதவறி கன்ட்ரோலோடு எஸ் விசையை அழுத்தியிருந்தாலும் திரையில் எழுத்து வருவது நின்றுவிடும். டெலிடைப் காலத்து ஏற்பாடு அது, கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் மறுபடி ஓடும்.

டிபிகேஜி கேள்வி கேட்டுக் காத்திருப்பதும் உண்டு. நீங்கள் மாற்றி வைத்திருக்கும் அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். டாக்கர் இமேஜ் உருவாக்கும்போது நேர மண்டலத் தொகுப்பு எந்தக் கண்டம், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு நிற்பது டெவலப்பர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. அங்கே பதில் சொல்ல ஆளே இல்லை. கேள்வி கேட்காதே என்று டெபியன் ஃப்ரன்ட்எண்ட் மாறியில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் பார்த்தும் அசையவில்லை என்றால்? இறக்கும் கட்டத்தில் கன்ட்ரோல் சி தாராளமாக அழுத்தலாம். பாதி வந்த கோப்புகள் பத்திரமாக இருக்கும், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். அமைக்கும் கட்டத்தில் அப்படி வெட்டக்கூடாது. 'பிஎஸ்ட்ரீ' கட்டளையில் டிபிகேஜிக்குக் கீழே எந்தக் கிளைச் செயல் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். மேலெழும்ப மறுக்கும் ஏதாவது ஒரு சர்வீஸை மறுதொடக்கம் செய்யப் போய் மாட்டிக்கொண்ட சிறு ஸ்கிரிப்டாக அது இருக்கலாம். அதை மட்டும் நிறுத்தினால் டிபிகேஜி பிழையைக் குறித்துக்கொண்டு ஒழுங்காக வெளியேறும். மின்சாரம் போய் நடுவில் அறுந்திருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' அரைகுறையாக நின்றவற்றை முடித்துவைக்கும். அடுத்து 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' விடுபட்ட சார்புகளை நிரப்பும். என்ன நடந்தது என்பது லாக் கோப்புறையில் ஆப்டின் 'டெர்ம்' பதிவில் வரிக்கு வரி இருக்கும்.

தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக இதையெல்லாம் செய்கிறவர்கள் டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீன் என்ற நிரலுக்குள் ஓடவிடுவது நல்லது. இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. உபுண்டுவின் பதிப்பு மாற்றும் கருவி இதைத் தானே செய்துகொள்கிறது. எஸ்எஸ்எச் வழியாக இயக்கினால் ஸ்க்ரீனுக்குள் ஓடுவதோடு, திரும்பி உள்ளே வர 1022 என்ற போர்ட்டில் இன்னொரு வாசலையும் திறந்து வைக்கிறது.