கடைசல் சாமான்களில் வர்ணப் பட்டை: மரத்தகட்டுக்குப் பதிலாகக் கையாளத்தக்க பொருள்கள்

பொம்மை, செப்பு, மத்து, தொட்டிற் கம்பு, விளக்குத்தண்டு முதலிய கடைசல் சாமான்களை வாங்குவோர் முதலில் வடிவத்தையும், அடுத்தபடியாக அதன் இடையே ஓடும் வர்ணப் பட்டையையும் நோக்குகின்றனர். ஒரே மரத்தில் ஒரே பாங்காய்க் கடைந்த இரண்டு சாமான்களுள் நேர்த்தியான பட்டையுடையதே முந்தி விலைபோகும். இப்பட்டையை அமைப்பதற்கு, வேற்று நிறமுள்ள மரத்தை மெல்லிய தகடாகச் சீவி, இரு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து ஒட்டிக் கடைவது ஒரு முறை. இத்தகட்டை வியாபாரிகள் வினீர் என்பர். இதற்குப் பதிலாக உபயோகிக்கத்தக்க பொருள்கள் பல இப்பொழுது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் குணதோஷங்களை அறியாமல் வாங்குவது பண நஷ்டத்தையும், சில சமயங்களில் தேக பாதகத்தையும் விளைவிக்குமாதலின், கடைசல் தொழிலில் ஈடுபட்டுள்ள அங்கத்தினர்கள் அவற்றை விவரமாக அறிந்திருத்தல் நலம்.

மரத்தகட்டின் குறைகள்

முதற் குறை நிறத்தைப் பற்றியது. கறுப்பும் கருஞ்சிவப்பும் வேண்டுமாயின் கருங்காலி, ஈட்டி போன்ற விலையுயர்ந்த மரங்களையே நாட வேண்டும். ஈட்டி முதலான டால்பர்ஜியா இன மரங்கள் யாவும் 2017-ஆம் ஆண்டு முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டுள்ளன. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்ப எண்ணுவோர் இதனை மறக்கலாகாது. நீலம், பச்சை ஆகிய நிறங்களுக்குச் சாயமேற்றிய தகட்டையே வாங்க வேண்டும். அச்சாயங்களிற் பல வெயிலில் வெளுத்துவிடும்.

இரண்டாவது குறை ஈரத்தைப் பற்றியது. பச்சை மரம் உலரும்பொழுது நாரின் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை. ஆனால் வளையங்களின் ஓரமாக நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு வரையிலும், நடுவிலிருந்து வெளிநோக்கி அதில் ஏறக்குறையப் பாதியும் சுருங்கும். உலர்ந்த மரமும் மழைக்காலத்தில் சிறிது உப்பிக் கோடையில் மீண்டும் ஒடுங்கும். தண்டின் இடையே மரத்தகட்டை வைக்கும்பொழுது அதன் நார் குறுக்கே கிடக்கின்றது. ஆகவே தகடு ஒரு பக்கம் சுருங்கி மறு பக்கம் சுருங்காமல், வழவழப்பாக இருந்த பட்டையின் விளிம்பு நகத்தில் தட்டுப்படும். அல்லது ஒட்டு விட்டுப்போகும். வாங்கியவர் இதனை மரத்தின் இயல்பென்று கருதமாட்டார். செய்தவனுடைய கைப்பிழை என்றே கருதுவார்.

அரக்கு

நமது தேசத்தில் இக்குறைகளுக்கு நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் பரிகாரம் அரக்கு. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையிலுள்ள சன்னபட்டணத்திலும், ஆந்திர தேசத்து ஏட்டிகொப்பாகத்திலும் செய்யப்படும் பொம்மைகள் இவ்வகையின. இரண்டு ஊர்களிலும் பெரும்பாலும் வெட்பாலை மரத்தையே கடைகின்றனர். சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு 2005–06-ஆம் ஆண்டிலும், ஏட்டிகொப்பாகத்துப் பொம்மைகளுக்கு 2017-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு அளிக்கப்பட்டது. திருநெல்வேலி ஜில்லா அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களும் இக்கடைசல் மரபைச் சேர்ந்தவையே.

அரக்கு என்பது புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதனைக் கரி நெருப்பில் இளக்கி, வர்ணப் பொடி சேர்த்துப் பலமுறை இழுத்துப் பிசைந்து, குச்சியாக உருட்டிக்கொள்ள வேண்டும். கடைசல் யந்திரத்தில் மரம் சுழலும்பொழுது இக்குச்சியை அழுத்திப் பிடித்தால், உராய்வினால் உண்டாகும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலைக் கொண்டு அழுத்தித் தேய்க்க, அரக்கு ஒரே சீராகப் பரவிப் பளபளக்கும். உளி முனையால் இருபுறமும் வெட்டிவிட்டால் பட்டையின் கரை கோடு இழுத்தாற்போல் நிற்கும்.

இதில் ஒட்டுப்பசை வேண்டுவதில்லை. மரத்தை இரண்டாக அறுத்துச் சேர்க்கும் வேலையுமில்லை. படிவு மெல்லியதாதலால் மரத்தோடு ஒத்து அசையும்; பழுதானால் மறுபடி சூடேற்றித் திருத்தலாம். ஆனால் அரக்கு சுமார் 70 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இளகிவிடும். ஸ்பிரிட்டிலும் சலவைச் சோடா நீரிலும் கரையும். ஆகையால் சுடு பானத்திற்குரிய குவளைக்கும், நாள்தோறும் கழுவும் கரண்டிக்கும் அது ஏற்றதன்று.

பைபர் தகடு

பருத்தி அல்லது காகிதக் கூழிலிருந்து செய்த தாள்களைத் துத்தநாகக் குளோரைடு நீரில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாய் அழுத்திச் செய்யப்படுவது வல்கனைஸ்டு பைபர். இது கறுப்பு, சிவப்பு, வெள்ளை முதலிய நிறங்களில் வருகின்றது. கத்திப்பிடி செய்வோர் இதனை இடைத்தகடாக வைப்பதுண்டு. உளிக்குக் கடின மரம்போல் இணங்கும். நிறம் உள்ளும் புறமும் ஒன்றாதலின் எவ்வளவு கடைந்தாலும் மாறாது. ஈரத்தை உறிஞ்சும் குணம் இதற்கு உண்டாகையால், பட்டையின் வெளிப்புறத்தை எண்ணெயோ வார்னிஷோ பூசி மூட வேண்டும்.

எத்தகடாயினும் தண்டின் வெட்டுமுகங்களுக்கு இடையே வெறுமனே ஒட்டினால் வலுவிராது. தகட்டின் நடுவில் துளையிட்டு, ஒரு மரத்துண்டில் கழுந்து கடைந்து, அத்துளையின் வழியே மறு துண்டிற்குள் செலுத்தி ஒட்ட வேண்டும். அப்பொழுது பாரத்தைக் கழுந்து தாங்கும். தகடு அழகுக்கு மட்டும் நிற்கும்.

அக்ரிலிக்கும் எபாக்ஸியும்

அக்ரிலிக் தகடு கண்ணாடிபோன்ற பிரகாசமுள்ளது. ஈரத்தினால் அதிகம் மாறுவதில்லை. ஆனால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் சூடேறி இளகி, பக்கத்து மரத்தில் அப்பிக்கொள்ளும். கூரிய உளியும் இலேசான கையும் இதற்கு அவசியம்.

எபாக்ஸி என்பது இருவகைத் திரவங்களைச் சேர்த்தால் இறுகும் பிசின். அதில் வர்ணப் பொடியோ பித்தளைத் தூளோ கலந்து, மரத்தில் வெட்டிய பள்ளத்தில் நிரப்பி, இறுகியபின் கடையலாம். முடிச்சும் வெடிப்புமுள்ள மரமும் இதனால் விலைபெறும். இரு திரவங்களையும் தயாரித்தவர் குறித்துள்ள அளவின்படியே சேர்க்க வேண்டும்; தவறினால் இறுகாது. இறுகாத பிசின் தோலிற் பட்டால் சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் தோன்றி, பிறகு அப்பொருளையே தொட முடியாத நிலை ஏற்படும். ஆகவே கையுறை அவசியம். இப்பொருள்களைத் தேய்க்கும்பொழுது பறக்கும் தூள் நுரையீரலுக்குத் தீங்கு. மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடிக்கொள்ள வேண்டும்.

செலவில்லாத கறுப்புக் கோடு

சமையலுக்கும் சுடு பானத்திற்கும் உரிய சாமான்களில் மேற்கூறிய எதனையும் சேர்க்காமலிருப்பதே நன்று. அவற்றிற்குக் கம்பிக் கோடு போதும். உளி முனையால் சிறு பள்ளம் வெட்டி, மரம் வேகமாகச் சுழல்கையில் மெல்லிய இரும்புக் கம்பியை அதில் அழுத்தினால், மரம் கருகிக் கறுப்புக் கோடு விழும். கம்பியின் இரு முனைகளையும் மரக்கட்டைப் பிடிகளில் கட்டிக்கொள்ள வேண்டும். விரலில் சுற்றிக்கொள்வது விரலையே இழக்கச் செய்யும்.

குழந்தையின் வாய்க்குச் செல்லும் வர்ணம்

குழந்தை பொம்மையைப் பார்ப்பதோடு நில்லாது, கடிக்கும், சப்பும். சுத்தமான அரக்கினால் தீங்கில்லை. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேற்பூச்சாக அது உபயோகிக்கப்படுகின்றது. ஆபத்து அதில் கலக்கும் வர்ணப் பொடியில் உள்ளது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சுப் பொடிகள் சிலவற்றில் ஈய குரோமேட் உண்டு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு சேர்ந்தால் கெடுதியில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை.

ஏட்டிகொப்பாகத்தில் சி. வி. ராஜு என்பவர் கைத்தொழிலாளிகளோடு சேர்ந்து, செடிகொடிகளிலிருந்து எடுக்கும் சாயங்களை அரக்கு வேலையில் மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவந்தார். 2023-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கும், நீலத்திற்கு அவுரியும், செம்மஞ்சளுக்கு சாப்பிரா விதையும், கபிலத்திற்குக் காசுக்கட்டியும் உதவும். இவற்றுள் மஞ்சள் கிழங்கின் நிறம் வெளிச்சத்தில் மங்கும் என்பதை வாங்குவோரிடம் மறையாது சொல்லிவிடுவதே முறை.

விளையாட்டுச் சாமான்களுக்கான தரக்கட்டுப்பாட்டு உத்தரவு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அமலுக்கு வந்தது. பதிவுபெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் சாமான்களுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றிற்கும் அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. முத்திரையிலிருந்து விலக்குக் கிடைத்தமையால் குழந்தையைக் காக்கும் கடமையிலிருந்து விலக்குக் கிடைத்ததாக எவரும் எண்ணலாகாது.

சங்கத்தார் செய்யத்தக்கவை

தனி மனிதர் சந்தையில் பொட்டலமாக வாங்கும் பொடியில் என்ன உள்ளதென்று விசாரிக்க வழியில்லை. சங்கம் மொத்தமாக வாங்கினால் ஈயமில்லை என்னும் பரிசோதனைச் சான்றைக் கேட்டுப் பெறலாம்; ஐயம் தோன்றினால் மாதிரியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம். அச்செலவு அங்கத்தினர்களிடையே பங்கிடப்பட்டால் ஒருவருக்கும் பாரமாகாது. வாங்கிய பொடியின் விவரத்தைச் சரக்குப் புத்தகத்தில் பதிந்து, எந்த வர்ணம் எந்தச் சாமானுக்குச் சென்றதென்றும் குறித்து வைத்தல் வேண்டும்.

பைபர், அக்ரிலிக், எபாக்ஸி ஆகியவற்றைப் புதிதாகக் கையாள விரும்புவோர் முதலில் ஒவ்வொன்றிலும் இரண்டு மாதிரிகள் மட்டும் கடைந்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் சங்கக் கட்டடத்தில் வைத்துப் பார்க்கட்டும். விளிம்பு பிரியாமலும் நிறம் மாறாமலும் நிற்பதையே மொத்தமாகச் செய்ய வேண்டும். கிராமத் தொழிலாளிக்கு முதலில் ஏற்றது அரக்கே. அதற்குரிய கருவிகளை அவன் முன்னமே உடையவன். வர்ணத்தையும் தன் கையாலேயே கலப்பவன். தான் கலந்தது இன்னதென்று அறிந்து சொல்லக்கூடிய தொழிலாளியின் சரக்கை, ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் தேடி வருவர்.