எலும்பை அரிக்கும் கலங்கள் காலத்தோடு சாக வேண்டும்

வயதான பெண்ணொருவர் அரிசி மூட்டையை நகர்த்தும்போது முதுகெலும்பு நொறுங்கிப் படுத்துவிட்டால், இறக்காமம் ஊர்ப்பக்கத்தில் உடனே வரும் தீர்ப்பு, “கல்சியம் குறைஞ்சிட்டு” என்பதுதான். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, சாக வேண்டிய கலங்கள் சாகாமல் இருப்பதில் கிடக்கிறது.

வெட்டுவதும் கட்டுவதும்

குளக்கட்டைத் திருத்துபவர்கள் நைந்த மண்ணை முதலில் வெட்டியெடுத்துவிட்டுத்தான் புதுமண் கொட்டி இறுக்குவார்கள். எலும்பிலும் அதே வேலை வாழ்நாள் முழுக்க நடக்கிறது. இரத்தத்தில் வரும் கலங்கள் பல ஒன்றாகி, ஒரு பெருங்கலமாக எலும்பில் ஒட்டிக்கொண்டு, அமிலம் சுரந்து குழி தோண்டும். ஏறத்தாழ இரண்டு கிழமையில் தன்னைத் தானே துண்டாக்கி மடிந்துவிடும். அந்தக் குழியை நிரப்பக் கட்டும் கலங்களுக்கு மாதக்கணக்கு ஆகும். ஆகவே வெட்டுபவர் சில நாள் கூடுதலாக நின்றாலே கணக்குப் பிழைத்துவிடும்.

சாவுக்கு நாள் குறிக்கும் புரதங்கள்

குழி தோண்டும் இந்த அரிக்கும் கலத்தைப் பிறப்பித்து வாழவைப்பது ராங்க்எல் என்னும் புரதம். அதைப் பிடித்து முடக்கும் ஒஸ்டியோபுரோட்டெஜரின் 1997இல் அறியப்பட்டது. பெண்களின் ஈஸ்ட்ரஜன் ஓமோன் மடியச் சொல்லும் பக்கத்தில் நிற்கிறது. 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அரிக்கும் கலங்களில் மட்டும் ஈஸ்ட்ரஜன் ஏற்பி இல்லாத சுண்டெலிகளைப் பார்த்தார்கள். எலும்பு நலிந்தது பெண் எலிகளுக்குத்தான். ஈஸ்ட்ரஜன், ஃபாஸ் லிகண்ட் என்ற சாவுப் புரதத்தைக் கூட்டி அக்கலங்களை மடியவைக்கிறது என்று காட்டினார்கள். மாதவிடாய் நின்ற சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரைவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அப்படியானால் ஒழித்துவிடலாமா?

கல்சியம் போதாதா என்று கேட்கலாம். கல்சியம் கொட்டும் மண்தான், அது இல்லாமலும் முடியாது; ஆனால் வெட்டுபவரை அது வீட்டுக்கு அனுப்பாது. சரி, அரிக்கும் கலங்களை முற்றாக ஒழித்தால்? அவை பிறப்பிலேயே வேலை செய்யாத பிள்ளைகளுக்கு எலும்பு கல்லைப் போல் அடர்ந்திருந்தும் எளிதில் முறிகிறது. பழுதை வெட்டியெடுக்க ஆளில்லையே! எலும்பு நலிவுக்குக் கொடுக்கப்படும் அலென்ட்ரோனேற் குளிசை, எலும்போடு சேர்த்து அதை விழுங்கும் கலங்களை மடியவைக்கிறது. பல வருடம் தொடர்ந்தால் தொடை எலும்பில் அரிதாக வேறுவகை முறிவு வருவதால்தான் வைத்தியர்கள் இடைவேளை விடச் சொல்கிறார்கள். ராங்க்எல்லை முடக்கும் டெனோசுமாப் ஊசியை இடையில் கைவிட்டால் அடங்கியிருந்த அரிப்பு திரும்பிப் பாய்ந்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும்.

மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்ட் குளிசைகளோ அரிக்கும் கலங்களின் ஆயுளை நீட்டுகின்றன, கட்டும் கலங்களைச் சாகடிக்கின்றன. பழைய துண்டைக் காட்டி அவற்றைப் பாமசியில் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள். மாதக்கணக்காகக் குடித்து வருபவர் திடீரென நிறுத்தவும் கூடாது, அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம், “என் எலும்புக்கு என்ன செய்யவேணும்?” என்று கேளுங்கள்.